சென்சார் கூப்பிட்டால் டிரைவர் என்ன செய்ய வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியைச் சுற்றியுள்ள சில சிறு தோட்டங்களில் மழைமானியும் உறைபனி எச்சரிக்கைக் கருவியும் வைத்துப் பராமரித்து வருகிறேன். லினக்ஸ் ஓடும் சின்ன போர்டு, அதில் நாங்களே எழுதிய டிரைவர், அதாவது கருவியோடு பேசும் நிரல். விடுமுறைக்கு ஊருக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் நிரலைத் திறந்து பார்த்துவிட்டு ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

எங்களிடம் இருப்பது இரண்டு கருவிகள். ஒன்று, சீசா மாதிரி இரண்டு குட்டி வாளிகள் உள்ள மழைமானி. 0.2 மி.மீ. மழைக்கு ஒருமுறை வாளி கவிழும். கவிழும்போது ஒரு காந்தம், காந்தம் பக்கத்தில் வந்தால் மூடிக்கொள்ளும் ரீட் ஸ்விட்சைக் கடந்து போகும். ஸ்விட்ச் நேரே போர்டின் பொதுப்பயன் பின்களில் ஒன்றில், அதாவது ஒரு ஜிபிஐஓ பின்னில் இணைந்திருக்கிறது. இன்னொன்று, ஐ2சி என்ற இரண்டு கம்பி இணைப்பு வழியாகப் பேசும் வெப்பநிலை சென்சார். அதில் கூடுதலாக ஒரு அலர்ட் பின் உண்டு. லினக்ஸின் மையப்பகுதியான கர்னலின் ஃபங்ஷன்களின் பெயர்களை ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன். நிரலில் தட்டும்போது சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும்.

அக்கா, இன்டரப்ட்னா என்ன? லூப் போட்டுப் படிச்சுக்கிட்டே இருந்தா ஆகாதா?

தேயிலைக் கொழுந்து ஏற்ற வரும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டையை ரோட்டோரம் வைத்துவிட்டு, லாரி வந்துவிட்டதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கலாம். அல்லது வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்து, ஹாரன் கேட்டதும் இறங்கி வரலாம். முதலாவது போலிங், இரண்டாவது இன்டரப்ட். ஆனால் ஹாரன் சொல்வது "ஏதோ வந்திருக்கிறது" என்பதை மட்டும்தான். யாருடைய லாரி, ஒன்றா இரண்டா என்பதைப் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்டரப்டும் அப்படியே. அது தகவலைக் கொண்டுவருவதில்லை, கூப்பிட மட்டும் செய்கிறது.

லூப் தவறு என்று சொல்ல மாட்டேன். நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை போதும் என்றால் டைமர் வைத்துப் படியுங்கள், இன்டரப்டே வேண்டாம். மழைமானிக்கு அது ஒத்துவராது. என் மழைமானிகளில் ஸ்விட்ச் மூடியிருப்பது சுமார் பத்தில் ஒரு வினாடிதான். அதைத் தவறவிடாமல் பிடிக்க வேண்டுமானால் லூப் ஓயாமல் ஓட வேண்டும், பேட்டரி விடிவதற்குள் இறங்கிவிடும்.

பின்னுல வோல்டேஜ் மாறுனதுலேர்ந்து என் ஃபங்ஷன் ஓடுற வரைக்கும் நடுவுல என்ன நடக்குது?

ஜிபிஐஓ கன்ட்ரோலர் மாற்றத்தைக் குறித்துக்கொண்டு, இன்டரப்ட் கன்ட்ரோலருக்குச் சொல்கிறது. அது சிபியுவைத் தட்டுகிறது. சிபியு செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்தி, இருந்த நிலையைச் சேமித்துவிட்டு, கர்னலின் பொது நுழைவாயிலுக்குப் போகிறது. கர்னல் எந்த ஐஆர்க்யூ (இன்டரப்ட் லைன்) எண் என்று பார்த்து, அந்த எண்ணில் நீங்கள் பதிந்து வைத்த ஃபங்ஷனை, அதாவது ஹேண்ட்லரைக் கூப்பிடுகிறது.

இந்த ஐஆர்க்யூ எண் வன்பொருளில் அச்சடித்த எண் அல்ல. கர்னல் தானாக ஒதுக்கும் எண், ஒவ்வொரு பூட்டிலும் மாறலாம். "என் போர்டில் 54 தான் வருகிறது" என்று நிரலில் 54-ஐ எழுதி வைத்தவர்கள் கர்னலைப் புதுப்பித்த அன்று திண்டாடியதைப் பார்த்திருக்கிறேன். போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பில் எழுதி, அங்கிருந்து வாங்குங்கள். ஜிபிஐஓ பின் என்றால் ஜிபிஐஓடி டு ஐஆர்க்யூ எண்ணைத் தரும். ஐ2சி கருவி என்றால் கிளையன்ட்டின் ஐஆர்க்யூ புலத்திலேயே இருக்கும்.

ஹேண்ட்லருக்குள்ள என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது?

தூங்கக்கூடாது, அதாவது எதற்காகவும் ஓட்டத்தை நிறுத்திக் காத்திருக்கக்கூடாது. மற்ற விதிகளெல்லாம் இதிலிருந்து வருபவைதான். மியூடெக்ஸ் என்ற பூட்டை எடுத்தால் காத்திருக்க நேரலாம், ஆகவே கூடாது. ஜிஎஃப்பி கர்னல் ஃபிளாகோடு நினைவகம் கேட்டால் கர்னல் உங்களைத் தூங்க வைக்கலாம், அதுவும் கூடாது. ஆப்கள் ஓடும் யூசர் ஸ்பேஸுக்கு நகல் எடுப்பதும் கூடாது. ஐ2சி, எஸ்பிஐ வழியாகச் சென்சாரோடு பேசுவதும் கூடாது, ஏனென்றால் பரிமாற்றம் முடியும்வரை அந்த ஃபங்ஷன்கள் தூங்கும். அந்த நேரத்தில் நீங்கள் எந்த புராசஸின் சார்பாகவும் ஓடவில்லை. தூங்கினால் எழுப்பி மறுபடி ஓட வைக்க ஆளில்லை.

அப்போ என்ன மிச்சம்? நேரத்தைக் குறியுங்கள். இன்டரப்ட் உங்கள் கருவியுடையதுதானா என்று ஒரு ரெஜிஸ்டரை (கருவிக்குள் இருக்கும் சின்ன நினைவிடத்தை) உடனே படித்துத் தெரிந்துகொள்ள முடிந்தால் படியுங்கள். எண்ணிக்கையைக் கூட்டுங்கள், மீதி வேலையைச் செய்ய வேண்டியவரை எழுப்பிவிட்டுத் திரும்புங்கள். என் மழைமானி ஹேண்ட்லர் மொத்தமே ஐந்து வரி. ஹேண்ட்லர் வளர்ந்துகொண்டே போனால் அந்த வேலை வேறு இடத்தில் இருக்க வேண்டியது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

அப்போ ஐ2சி சென்சாரை எங்கதான் படிக்கிறது?

த்ரெடில், அதாவது கர்னல் முறை வைத்து ஓட்டும் தனி ஓட்டத்தில். 2009-இல் வந்த 2.6.30 கர்னலிலிருந்து இதற்கு நேரான வழி இருக்கிறது. தாமஸ் க்ளெய்க்ஸ்னர் செய்த வேலை. ரெக்வெஸ்ட் த்ரெடட் ஐஆர்க்யூ என்ற ஃபங்ஷனில் இரண்டு ஹேண்ட்லர் கொடுக்கலாம். முதலாவது இன்டரப்ட் நேரத்திலேயே ஓடி, நேரத்தைக் குறித்துவிட்டு "த்ரெடை எழுப்பு" என்று திரும்பும். இரண்டாவது தனி கர்னல் த்ரெடில் ஓடும். அங்கே தூங்கலாம், மியூடெக்ஸ் எடுக்கலாம், ஐ2சி பேசலாம்.

ஏன் இத்தனை கவனம்? 100 கிலோஹெர்ட்ஸ் ஐ2சியில் இரண்டு பைட் ரெஜிஸ்டர் ஒன்றைப் படிக்க முகவரியெல்லாம் சேர்த்து ஐந்து பைட், பைட்டுக்கு ஒன்பது கடிகாரத் துடிப்பு. கிட்டத்தட்ட அரை மில்லிவினாடி. நமக்கு அது ஒன்றுமில்லை. சிபியுவுக்கு லட்சக்கணக்கான சுழற்சிகள்.

ஐஆர்க்யூஎஃப் ஒன்ஷாட் ஃபிளாகை மறக்காதீர்கள். த்ரெட் முடியும்வரை அந்த லைனை மூடி வைப்பது அதுதான். முதல் ஹேண்ட்லரைக் காலியாக விட்டு இந்த ஃபிளாகையும் போடாவிட்டால், பொதுவாகக் கர்னல் பதிவையே மறுத்துவிடும். ஏன் என்பது அடுத்த பதிலில் புரியும்.

எட்ஜா, லெவலா? எது போட்டாலும் ஓடுதே?

மேசையில் ஓடும். தோட்டத்தில் ஓடாது. எட்ஜ் என்றால் நிலை மாறும் அந்த நொடி மட்டும் கூப்பிடும். லெவல் என்றால் லைன் அந்த நிலையில் இருக்கும்வரை விடாமல் கூப்பிடும். ரீட் ஸ்விட்சுக்கு எட்ஜ் சரி. காந்தம் வந்து போய்விடும், துடைக்க ரெஜிஸ்டர் எதுவும் இல்லை. ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைத் துடைக்கும்வரை அலர்ட் பின்னைக் கீழேயே பிடித்து வைத்திருக்கும் சென்சாருக்கு லெவல்தான் சரி.

இதை நான் கற்றுக்கொண்டது கேத்தி பக்கம் ஒரு உருளைக்கிழங்குத் தோட்டத்தில், ஒரு ஜனவரி இரவில். சென்சாருக்கு எட்ஜ் போட்டிருந்தேன். அதன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் "அளவீடு முடிந்தது" என்று ஒரு பிட், "வரம்புக்குக் கீழே போய்விட்டது" என்று இன்னொரு பிட். இரண்டில் எது எழுந்திருந்தாலும் அலர்ட் பின் கீழேயே இருக்கும். இரவு 11:40-க்கு அளவீட்டு பிட் எழுந்தது, த்ரெட் ஸ்டேட்டஸைப் படித்தது. படித்த மறுகணம் வரம்பு பிட் எழுந்தது. த்ரெட் தான் பார்த்த முதல் பிட்டை மட்டும் துடைத்துவிட்டுத் திரும்பியது. வரம்பு பிட் இன்னும் எழுந்தபடி இருந்ததால் லைன் மேலே வரவே இல்லை. மேலே வராத லைன் மறுபடி விழ முடியாது, ஆகவே அடுத்த எட்ஜும் இல்லை. எச்சரிக்கை வர வேண்டிய அதே கணத்தில் சென்சார் ஊமையாகிவிட்டது. போன் அடித்திருந்தால் தோட்டக்கார மாமா எழுந்து ஸ்பிரிங்க்ளரைப் போட்டிருப்பார். விடிந்து நான் போனபோது புல்லெல்லாம் வெள்ளை, தாழ்வான பாத்திகளில் உருளைச் செடியின் இலைகள் வெந்தது போலக் கறுத்துக் கிடந்தன. லாகில் கடைசி வரி 11:40, 3.1 டிகிரி.

அன்றிலிருந்து அந்தச் சென்சாருக்கு லெவல் லோவும் ஒன்ஷாட்டும். எட்ஜ் மட்டுமே தெரிந்த கன்ட்ரோலர் வாய்த்தால், ஸ்டேட்டஸ் முழுக்க பூஜ்யம் ஆகும்வரை த்ரெடுக்குள் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். லெவலுக்கு ஒன்ஷாட் ஏன் வேண்டும் என்பதும் இப்போது தெரிந்திருக்கும்: த்ரெட் போய்த் துடைக்கும்வரை லைன் கீழேயே இருக்கும். மூடி வைக்காவிட்டால் இன்டரப்ட் மேல் இன்டரப்டாக வந்து த்ரெடை ஓடவே விடாது.

வாளி ஒரு தடவைதான் கவிழுது, எனக்கு நாலு, அஞ்சுன்னு எண்ணுதே?

ரீட் ஸ்விட்சின் தகடுகள் ஒட்டும்போது சில முறை துள்ளும். ஒவ்வொரு துள்ளலும் ஒரு எட்ஜ். பலரும் கவனிக்காதது, விலகும்போதும் துள்ளும் என்பது. அதனால் "முதல் எட்ஜை எண்ணு, அடுத்த 20 மில்லிவினாடி கண்டுகொள்ளாதே" என்று எழுதினால் பத்தில் ஒரு வினாடி கழித்து விலகும் துள்ளல் இரண்டாவது மழையாக எண்ணப்படும்.

எவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொள்ளலாம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 820 மி.மீ. பதிவானது. வாளிக்கு 0.2 மி.மீ. என்றால் 4,100 கவிழ்வு. சராசரியாக 21 வினாடிக்கு ஒன்று. நடுவில் மணிக்கு 300 மி.மீ. வேகத்தில் கொட்டினாலும் இரண்டு கவிழ்வுக்கு இடையே 2.4 வினாடி இருக்கும். ஆகவே 300 மில்லிவினாடி தாராளமாகக் கண்ணை மூடலாம், ஒரு சொட்டும் தப்பாது.

நீளமான கேபிள் என்றால் இன்னொரு தொல்லை உண்டு. மின்னல் வெட்டும்போதெல்லாம் பொய் எட்ஜ் வரும். அதற்கு, எட்ஜ் வந்ததும் எண்ணாமல் 10 மில்லிவினாடி கழித்து ஓடும்படி ஒரு டிலேட் வொர்க் வைத்து, அது ஓடும்போதும் பின் கீழேயே இருந்தால் மட்டும் எண்ணுங்கள். மின்னல் கிளப்பும் மின் இரைச்சல் அத்தனை நேரம் நிற்காது, காந்தம் நிற்கும்.

இன்டரப்ட் வரவே மாட்டேங்குது. எங்கேர்ந்து தேடுறது?

ப்ராக் அடைவில் இன்டரப்ட்ஸ் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் டிரைவர் பெயரே இல்லை என்றால் பதிவு நடக்கவில்லை. திரும்பி வந்த பிழை எண்ணைப் பாருங்கள். பெயர் இருக்கிறது, எண்ணிக்கை பூஜ்யம் என்றால் கோளாறு பின்னிலோ, அதை மேலே பிடித்து வைக்கும் புல்-அப் மின்தடையிலோ, எட்ஜின் திசையிலோ, கம்பியிலோ. எண்ணிக்கை ஏறுகிறது, தகவல் மட்டும் இல்லை என்றால் தப்பு உங்கள் நிரலில்.

எங்கள் ஊரில் பூஜ்யம் என்றால் நான் முதலில் கனெக்டரைத்தான் கழற்றிப் பார்ப்பேன். மூடுபனியில் மாதக்கணக்கில் ஊறிய பின்கள் பச்சை பூத்துக் கிடக்கும்.

"நோபடி கேர்ட்"னு லாகுல ஒரு வரி வந்து சென்சார் நின்னு போச்சு. அப்படின்னா?

ஒரு லைனில் வந்த 1,00,000 இன்டரப்டுகளில் 99,900-க்கு மேல் "என்னுடையது இல்லை" என்றே பதில் வந்தால், கர்னல் அந்த வரியை எழுதிவிட்டு லைனையே மூடிவிடும். மூடாவிட்டால் சிபியு வேறு வேலையே பார்க்க முடியாது.

பெரும்பாலும் காரணம், லெவல் லைனை யாரும் துடைக்காமல் விட்டது, அல்லது தவறான திசையில் லெவல் போட்டது. செய்யக்கூடாத வைத்தியம் ஒன்று உண்டு: எது வந்தாலும் ஐஆர்க்யூ ஹேண்டில்ட் என்று திருப்புவது. வரி மறையும், இன்டரப்ட் புயல் மறையாது. போர்டு சூடாகிக்கொண்டே இருக்கும், காரணம் எங்கும் தெரியாது. உங்கள் கருவியின் ஸ்டேட்டஸ் காலியாக இருந்தால் ஐஆர்க்யூ நன் என்று உண்மையைச் சொல்லுங்கள்.

பின் பத்தல. ரெண்டு சென்சாரை ஒரே லைன்ல போடலாமா?

இரண்டும் ஓபன் டிரெய்ன் (லைனைக் கீழே இழுக்க மட்டும் செய்யும்) வகையாகவும், இரண்டு டிரைவர்களும் ஐஆர்க்யூஎஃப் ஷேர்ட் போட்டு ஒரே ட்ரிகர் வகையைக் கேட்பதாகவும் இருந்தால் போடலாம். லெவல்தான் பாதுகாப்பு. ஹாரன் சத்தத்தில் யார் லாரி என்று தெரியாது என்று முதலில் சொன்னேனே, அதேதான்: கர்னல் இரண்டு ஹேண்ட்லரையும் கூப்பிடும், அவரவர் தன் கருவியைப் பார்த்து ஆம் இல்லை சொல்ல வேண்டும்.

ஹேண்ட்லரும் ரீட் ஃபங்ஷனும் ஒரே எண்ணிக்கையைத் தொடுது. எந்த லாக் போடணும்?

இன்டரப்ட் நேரத்து ஹேண்ட்லரோடு பகிர்ந்துகொள்வதற்கு ஸ்பின்லாக், அதாவது கிடைக்கும்வரை தூங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் பூட்டு. ரீட் பக்கத்தில், அந்த சிபியுவில் இன்டரப்டையும் நிறுத்தி வைக்கும் ஸ்பின் லாக் ஐஆர்க்யூசேவ் வடிவம். வெறும் ஸ்பின் லாக் போட்டால் என்ன ஆகும்? ரீட் லாக்கை எடுத்து வைத்திருக்கும்போது அதே சிபியுவில் இன்டரப்ட் வரும். ஹேண்ட்லர் லாக்குக்காகச் சுற்றும். லாக்கை விட வேண்டிய ரீட், ஹேண்ட்லர் முடிந்தால்தான் ஓட முடியும். இரண்டும் அசையாது. த்ரெட் ஹேண்ட்லரோடு மட்டும் பகிர்வதானால் மியூடெக்ஸ் போதும்.

வெறும் எண்ணிக்கைக்கு, யாரும் நடுவில் குறுக்கிட முடியாதபடி மாறும் அடாமிக் மாறி போதும். ஆனால் "படித்துவிட்டுப் பூஜ்யமாக்கு" என்று இரண்டு படியாக எழுதாதீர்கள். நடுவில் கவிழ்ந்த வாளி காணாமல் போகும். நான் பூஜ்யமாக்குவதே இல்லை. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகட்டும், கழித்துக்கொள்வது ஆப்பின் வேலை. இரண்டு ஆப் படித்தாலும் ஒன்றை ஒன்று கெடுக்காது.

டிரைவர்லேர்ந்து ஆப்புக்கு நிகழ்வை எப்படிக் கொண்டுபோறது? ஐஓசிடிஎல் எழுதணுமா?

வேண்டாம். ஐஓசிடிஎல் என்பது ஆப் டிரைவருக்கு நேரே கட்டளை அனுப்ப நாமே எழுதும் வழி. வெப்பநிலை சென்சாருக்கு, சென்சார்களுக்கான கர்னலின் ஐஐஓ துணையமைப்பில் நிகழ்வுகளுக்கென்றே வழி இருக்கிறது. வரம்பு தாண்டியதும் த்ரெடிலிருந்து ஐஐஓ புஷ் ஈவென்ட் கூப்பிட்டால், போல் என்ற அழைப்பில் காத்திருக்கும் ஆப் விழித்துக்கொள்ளும். வரம்பை மாற்றுவது, நிகழ்வை அணைப்பது எல்லாம் சிஸ்எஃப்எஸ் கோப்புகள் (டிரைவர் அமைப்புகளைக் கர்னல் கோப்பாகக் காட்டும் இடம்) வழியாக.

மழைமானிக்கு உண்மையில் டிரைவரே தேவையில்லை. லிப்ஜிபிஐஓடி என்ற நிரல் நூலகத்தை வைத்து யூசர் ஸ்பேஸிலிருந்தே எட்ஜ்களை நேரத்தோடு வாங்கலாம், 5.10 கர்னலிலிருந்து துள்ளலை வடிகட்டும் நேரத்தையும் அங்கேயே சொல்லலாம். நாங்கள் டிரைவர் எழுதியது கற்றுக்கொள்வதற்காக. உங்களுக்கு மழை எண்ணிக்கை மட்டும்தான் வேண்டும் என்றால் அந்த வழியில் போங்கள்.

நேரத்தை த்ரெட்ல குறிச்சா என்ன?

த்ரெட் எப்போது ஓடும் என்பது ஷெட்யூலர் கையில். இன்டரப்ட் வந்த கணம் வேண்டுமானால் முதல் ஹேண்ட்லரில்தான் குறிக்க வேண்டும். இடைவெளி கணக்கிடுவதற்கு, தேதியைத் திருத்தினாலும் தாவாத மோனோடோனிக் கடிகாரத்தையே பயன்படுத்துங்கள். இங்கே மழை என்றால் கரண்ட் போகும். திரும்ப வந்த போர்டு பழைய தேதியோடு எழுந்து, நெட் கிடைத்ததும் நிகழ்காலத்துக்குத் தாவும். சுவர்க் கடிகாரத்தை நம்பி எழுதிய 300 மில்லிவினாடி சரிபார்ப்பு அந்தத் தாவலில் உடைந்துபோகும்.

ஆர்எம்மாட் பண்ணா சில நேரம் கர்னல் விழுது. ஆனா எல்லாத்தையும் டெவ்எம் வகையிலதானே வாங்கியிருக்கேன்?

ஆர்எம்மாட் என்பது டிரைவரைக் கர்னலிலிருந்து கழற்றும் கட்டளை; அப்போது டிரைவரின் ரிமூவ் ஃபங்ஷன் ஓடும். டெவ்எம் வகையில் (கர்னலே பின்னர் விடுவிக்கும்படி) வாங்கியவை வாங்கிய வரிசைக்குத் தலைகீழாக, ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகுதான் விடுவிக்கப்படும். ரிமூவில் நீங்கள் கையால் எதையாவது விடுவித்தால், இன்டரப்ட் அதற்கப்புறமும் உயிரோடு இருக்கும். வந்தால் இல்லாத நினைவகத்தைத் தொடும். எல்லாவற்றையும் டெவ்எம்மில் வையுங்கள், அல்லது சென்சாரின் அலர்ட்டை முதலில் அணைத்து, ஐஆர்க்யூவை விடுவித்து, அப்புறம் டிலேட் வொர்க்கை ரத்து செய்யுங்கள். வரிசை மாறினால், ரத்து செய்த வொர்க்கை ஹேண்ட்லர் மறுபடி வரிசையில் போட்டுவிடும்.

டிரைவர் கருவியோடு சேரும்போது ஓடும் ப்ரோப் ஃபங்ஷனிலும் இதே கவனம். பதிந்த அடுத்த கணமே இன்டரப்ட் வரலாம், ஆகவே லாக், வொர்க், எல்லாம் தயாரான பிறகு கடைசியில் பதியுங்கள். இன்னொன்று: ஹேண்ட்லருக்குள்ளிருந்தே டிஸேபிள் ஐஆர்க்யூ கூப்பிடாதீர்கள். அது ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருக்கும், அதாவது உங்களுக்காக நீங்களே. நோசிங்க் என்று முடியும் வடிவம் அதற்குத்தான்.

மழை இல்லாத மாசத்துல எப்படி சோதிக்கிறது?

ஊசி இல்லாத சிரிஞ்சும் 400 மி.லி. தண்ணீரும் போதும். புனலின் வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. என்றால், 0.2 மி.மீ. மழை என்பது 4 மி.லி. ஆகவே 400 மி.லி.க்கு 100 கவிழ்வு வர வேண்டும். அவசரப்படாமல், அரை மணி நேரமாவது எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வேகமாக ஊற்றினால் வாளி சாயும் நேரத்தில் விழும் தண்ணீர் கணக்கில் வராது.

முடிந்ததும் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். போன மாதம் நாங்கள் செய்தபோது இன்டரப்ட்ஸ் கோப்பில் 263, டிரைவரின் எண்ணிக்கையில் 99. கூட வந்த தம்பி 263-ஐப் பார்த்துப் பதறினான். அது ஸ்விட்ச் கூப்பிட்ட எண்ணிக்கை, மழையின் எண்ணிக்கை அல்ல. குறைந்த அந்த ஒன்றைத்தான் தேடினோம்: கடைசி 4 மி.லி. வாளியிலேயே நின்றுகொண்டிருந்தது. இரண்டு சொட்டு விட்டதும் கவிழ்ந்தது.